கேட்ட பாட்டு கைக்கு வரவேண்டும்: மிக்ஸ் மென்பொருளில் என் பாட்டுச் சேகரிப்பு

திருமண வரவேற்புகளில் பாட்டுப் போடுவது என் வார இறுதித் தொழில். 2017 முதல் மிக்ஸ் என்ற டிஜே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். ஆங்கிலத்தில் பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் வரும். இலவசமாகக் கிடைக்கிறது, திறந்த மூல நிரல், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வித்தையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் வேண்டியதை உடனே எடுப்பது.

அதை எனக்கு உணர்த்தியது ஈரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம். பெண்ணின் தாய்மாமன் மேடையோரம் வந்து, "தம்பி, எங்கள் அம்மா ஒரு பாட்டுக் கேட்கிறார்கள், போட முடியுமா?" என்று பல்லவியின் முதல் வரியைச் சொன்னார். பாட்டு என்னிடம் இருப்பது உறுதி. தட்டிப் பார்த்தேன், வரவில்லை. வேறு எழுத்துக்கூட்டலில் தேடினேன், அப்போதும் இல்லை. படத்தின் பெயர் நினைவுக்கு வந்து எடுத்தபோது, அந்தப் பாட்டியைக் கைத்தாங்கலாகப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பாட்டு காலி நாற்காலிக்கு ஒலித்தது. அன்று இரவே சேகரிப்பைத் திருத்த உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல் பெயர்கள். இளையராஜா என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் என்னிடம் 5 விதமாக இருந்தது. பழைய குறுந்தகடுகளிலிருந்து எடுத்த கோப்புகளில், பாட்டின் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் ஐடி3 குறிப்பின் பழைய வடிவம்தான் இருந்தது. அது தலைப்புக்கு 30 எழுத்து மட்டுமே இடம் தரும். நம் பாட்டு வரிகள் அதற்குள் அடங்குமா? பாதியில் அறுந்து நின்றன. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் பதிந்த பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தன.

அடுத்தது, கலைஞர் என்ற இடத்தில் யாரைப் போடுவது? மேற்கத்தியப் பாட்டுக்கு இந்தக் கேள்வியே எழாது. நம் திரைப்பாட்டுக்குப் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், வாயசைத்த நடிகர் என்று நான்கு முகவரிகள். மண்டபத்தில் கேட்பவர் எந்த முகவரியோடு வருவார் என்று சொல்ல முடியாது. நான் இப்படி முடிவு செய்தேன்: கலைஞர் இடத்தில் பாடகர்கள், இசையமைப்பாளர் இடத்தில் இசையமைப்பாளர், ஆல்பம் இடத்தில் படம். கருத்து என்ற பத்தியில் பல்லவியின் முதல் வரியைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி, நடிகர் பெயரையும் சேர்த்தேன். மிக்ஸின் தேடல் கருத்துப் பத்தியையும் பார்க்கிறது, தமிழ் எழுத்தில் தட்டினாலும் கண்டுபிடிக்கிறது. என் சேகரிப்பில் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த வேலை இதுதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால், ஆண்டுக்கு இரண்டு மாதம் இந்த வேலைக்குக் கிடைக்கிறது.

அவசரத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். பாட்டில் தட்டு விழும் இடங்களைக் காட்டும் தாள வலை, வேண்டிய இடத்துக்கு உடனே தாவ நாம் குறித்துவைக்கும் கியூ புள்ளிகள், எத்தனை முறை போட்டோம் என்ற கணக்கு எல்லாவற்றையும் மிக்ஸ் தன் எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால், அமைப்புகளில் புதிய இடத்தைக் காட்டிவிட்டால் போதும், எதுவும் தொலையாது. நான் கோப்புகளை இடம் மாற்றியதோடு, வேறொரு கருவியைக் கொண்டு அவற்றின் பெயர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். மறுநாள் 600 பாடல்கள் காணாமல் போனவை என்ற பட்டியலில் கிடந்தன. அதே 600 பாடல்கள் புதியவையாகவும் வந்து நின்றன, ஒரு கியூ புள்ளிகூட இல்லாமல். இரண்டு ஆண்டு உழைப்பு அது. இப்போது கோப்பின் பெயரைச் சேகரிப்பில் சேர்க்கும் முன்பே சரிசெய்கிறேன், பிறகு தொடுவதில்லை. பாடல்களோடு அந்தத் தரவுத்தளக் கோப்பையும் மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்கிறேன்.

பாடல்களைத் தொகுத்துவைக்க மிக்ஸில் உள்ள கிரேட், பிளேலிஸ்ட் இரண்டையும் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பிளேலிஸ்டுக்கு வரிசை உண்டு, ஒரே பாட்டு இருமுறை வரலாம். கிரேட் ஒரு கூடை மாதிரி: வரிசை கிடையாது, ஒரு பாட்டு ஒரு முறைதான், ஆனால் அதே பாட்டு பல கூடைகளில் இருக்கலாம். தொடக்கத்தில் 'எண்பதுகள்', 'தொண்ணூறுகள்' என்று காலவாரியாகக் கூடை கட்டினேன். அது உதவவில்லை, ஆண்டை வைத்துத் தேடலே அந்த வேலையைச் செய்கிறது. இப்போது என் கூடைகளின் பெயர்கள் வேறு: 'மாலை மாற்றும் நேரம்', 'பந்தி நடக்கும்போது', 'பாட்டிமார் கைதட்டுவது', 'சிறுவர்கள் ஆட', 'மண்டபக்காரர் விளக்கணைக்கும் முன்'. பந்தி நேரத்துக் கூடையைத் தானியங்கி டிஜேவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஒரு வாய் சாப்பிட முடிகிறது.

தாளக் கணக்கில் மட்டும் மென்பொருளை முழுதாக நம்பக் கூடாது. பகுப்பாய்வு ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணித் தருகிறது. கணினியில் தொடுத்த புதிய பாடல்களுக்கு அது துல்லியமாக இருக்கிறது. தெம்மாங்கு, கும்மி போல மும்மூன்றாக நடக்கும் மெட்டுகளில் தடுமாறுகிறது. கால் 100 தட்டுக்கு ஆடும் பாட்டை 150 என்று சொல்லும். அதற்கு மெனுவிலேயே மருந்து இருக்கிறது: மூன்றில் இரண்டு பங்காக்கும் கட்டளை. அதை அழுத்தி, காதால் சரிபார்த்து, எண்ணைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் விட்டால், மறுபடி பகுப்பாய்வு செய்யும்போது பழைய எண் திரும்பிவிடலாம். வாத்தியக் குழு சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பழைய பதிவுகளில் வேகமே மூச்சுப் போல ஏறி இறங்கும். அவற்றைத் தாள ஒத்திசைவில், அதாவது அடுத்த பாட்டின் வேகத்தோடு பொருத்தி, கட்டுவதை நான் விட்டுவிட்டேன். அவை முழுதாக ஒலிக்கட்டும்.

சுருதியில் ஒரு நல்ல அனுபவம். மென்பொருளுக்குத் தெரிந்தது மேஜர், மைனர் என்ற மேற்கத்திய வகையிலான 24 சுருதிகள்தான், ராகம் தெரியாது. மோகனத்தில் அமைந்த ஒரு பாட்டைச் சில நேரம் மேஜர் என்கிறது, சில நேரம் அதே ஸ்வரங்களைக் கொண்ட அதன் உறவு மைனர் என்கிறது. மோகனத்தின் தைவதத்தை (த ஸ்வரத்தை) ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி ராகம் பிறக்கும் என்பது, ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்வரங்கள் அதே ஐந்துதான். அதனால் இந்தத் தடுமாற்றம் கலவையைக் கெடுப்பதில்லை. எந்தச் சுருதிக்கு எது சேரும் என்று டிஜேக்கள் பார்க்கும் பொருத்தச் சக்கரத்தில் இரண்டு சுருதிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஒலி அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பாடல்களின் ஒலி அளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் வசதியை இயக்கியே வையுங்கள். 1970களின் மெல்லிய பதிவுக்குப் பின் இன்றைய பாட்டு வந்தால் மண்டபம் திடுக்கிடும். அதை இது தவிர்க்கிறது.

தேடல் பெட்டியில் இப்போது நான் அதிகம் தட்டுவது பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ஒரு முக்காற்புள்ளி, 95-105 என்ற எண்கள், பிறகு ஒரு பாடகர் பெயர். இரண்டு நொடியில் பத்துப் பதினைந்து பாடல்கள் வந்து நிற்கின்றன. சென்ற வைகாசியில் ஒரு பெரியவர் வரியை மறந்து, ராகத்தை முனகிவிட்டு நடிகர் பெயரை மட்டும் சொன்னார். கருத்துப் பத்தி அதைக் கொடுத்தது. பாட்டு தொடங்கியபோது அவர் இன்னும் என் மேசையருகேதான் நின்றுகொண்டிருந்தார்.

நாட்டுப்புறக் கூடையில் 140 பாடல்களின் தாளத்தை நான் இன்னும் கையால் தட்டி எண்ணவில்லை. மார்கழிக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.