டேப்பெட் சத்தம், ஆடும் ஆயில் பிரஷர்: முதலில் எதில் கை வைப்பது?

பழைய காரின் எஞ்சின், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டேப்பெட் தட்டுவதுபோல் டக்டக்கென்று தட்டத் தொடங்கி, கூடவே ஆயில் பிரஷர் முள்ளும் ஏறி இறங்கினால், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கெட்டியான ஆயில் ஊற்று என்பார் ஒருவர். சென்சாரை மாற்று, கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவம் போடு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்று என்று மற்றவர்கள் தொடர்வார்கள். தனி கேஜ் (அழுத்தமானி) மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்து பார் என்று சொல்பவர்கள் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான்.

எதற்கும் முன்னால் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் வளைவிலும் பிரேக் போடும்போதும் முள் விழும். மிகுந்திருந்தாலும் ஆபத்துதான்: பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

கெட்டியான ஆயில்தான் எல்லோருக்கும் பிடித்த வழி. 10டபிள்யூ-30 ரக ஆயில் ஊற்றிய இடத்தில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் முள் ஏறும், சத்தமும் அடங்கும். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால், அது தேய்ந்தபடியேதான் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அந்த ஆயில் மேலே ஏறத் தாமதமாகும் என்பதால், ஸ்டார்ட் செய்ததும் வரும் தட்டல் கூடுதல் நேரம் நீடிக்கவும் செய்யலாம். இன்னும் சில காலம் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடப் போகிற வண்டிக்கு இது போதும். வைத்துக்கொள்ளப் போகிற வண்டிக்குப் போதாது.

சென்சாரை மாற்றுவது செலவு குறைந்த வேலை. முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுநொடியே எழும்பி, எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகிப்பது நியாயம். தட்டலும் சேர்ந்து வரும்போது சென்சார் மீது மட்டும் பழி போட்டுவிட்டு ஓட்டுவது சூதாட்டம்.

கேஜ் சோதனைக்கும் அந்தச் சென்சாரைத்தான் கழற்ற வேண்டும். அதே துளையில் சரியான மரை கொண்ட அடாப்டருடன் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகு ஐடிலிலும் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத வேகம்) 2,000, 3,000 ஆர்பிஎம்மிலும் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவே இறுதியானது. சூடான ஐடிலில் தாழ்ந்து, வேகம் கூடக்கூட ஏறினால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானம். ஐடிலில் சரியாக இருந்து, வேகம் கூட்டியதும் சரிந்து, சற்று நேரம் நிறுத்தி வைத்தால் தேறினால் சம்ப்புக்குள் பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரைக் கசடு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா வேகத்திலும் தாழ்ந்தே நின்றால், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ் முள் அசையாமல் நல்ல அளவைக் காட்டினால், குற்றவாளி சென்சார் பக்கம்தான். தட்டலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அதற்குக் காது தேவை. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால், டேப்பெட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளத்தில் கேட்கும். மெல்லியது, மேலிருந்து வருவது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வ் கவரில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டினால் தெளிவாகப் பிடிபடும். சுற்றும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்று செய்யுங்கள். குளிரில் தட்டி, சூடானதும் அடங்கும் சத்தம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாகவும் இருக்கலாம்; உலோகம் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். கீழிருந்து கனமாக இடித்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வலுக்கும் சத்தமோ, பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைக் காட்டுகிறது. அதன்பின் வண்டியை ஓட்டக் கூடாது, இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

சம்ப்பைக் கழற்றுவது நேரமும் உழைப்பும் கேட்கும் வேலை. சில வண்டிகளில் எஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். கேஜ் அந்தத் திசையைக் காட்டினால் மட்டும் இறங்குங்கள். இறங்கினால் ஸ்ட்ரெய்னரோடு நிற்காமல், ஒரு பேரிங் கேப்பையாவது (மூடியையாவது) திறந்து உள்ளிருக்கும் ஷெல் என்ற பேரிங் தகட்டைப் பார்த்துவிடுங்கள். மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கே தேய்ந்துவிட்டது, கணக்கு வேறு.

ஃப்ளஷ்ஷை நான் கடைசியில்தான் வைப்பேன். கசடு மண்டிய எஞ்சினில் அது பெயர்த்துவிடும் துண்டுகள் நேராகப் போய் அடைவது அதே ஸ்ட்ரெய்னரைத்தான். வழக்கமான ஆயிலையும் ஃபில்டரையும் குறுகிய இடைவெளியில் இரண்டு முறை மாற்றினால் கசடு மெதுவாகக் கரையும், அவசரமும் இல்லை. ஆனால் அதுவும் கேஜ் நல்ல அளவைக் காட்டிய எஞ்சினுக்கு மட்டும்.