புரோப்ரனலால்: என் விரல்களை நிற்கவைத்த மாத்திரை

பிளவுஸ் தைப்பதுதான் என் தொழில். போன ஆடியில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போய்விட்டது. நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதருகே கொண்டுபோனால் விரல் தன் பாட்டுக்கு ஆடும். நெஞ்சு படபடப்பு, ஓயாத வேர்வை, நன்றாகச் சாப்பிட்டும் ஆறு கிலோ இளைப்பு. முதலில் பார்த்த இடத்தில் "டென்ஷன்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வீணாகப் போனதில் இன்னும் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் பார்த்த டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. நாடித்துடிப்பு 124. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோலோடு புரோப்ரனலால் 20 மி.கி., தினம் மூன்று வேளை.

முதல் மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் இருக்கும். கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கவனித்தேன், காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த இதயத் துடிப்பைக் காணோம். நான்காம் நாள் நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் போனது. அழுதுவிட்டேன்.

ஆனால் புரோப்ரனலால் தைராய்டு சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லை. அந்த ஹார்மோன் கிளப்பிவிடும் படபடப்பையும் நடுக்கத்தையும்தான் அடக்குகிறது. ஏற்கெனவே சுரந்து சேர்ந்தது தீர்ந்து, கார்பிமசோல் வேலை காட்ட எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அதுவரை எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கை நின்றுவிட்டதே என்று கார்பிமசோலை விட்டுவிடாதீர்கள்.

குறையும் உண்டு. மதிய வேளை தவறினால் சாயங்காலத்துக்குள் நடுக்கம் திரும்பிவிடும். உள்ளங்கை சில்லிட்டுப் போகும். விடியற்காலையில் கண்ணெதிரே நடப்பது போலக் கனவுகள் வரும்.

என் நாத்தனாருக்கும் அடிக்கடி படபடப்பு. "அண்ணி, உங்க மாத்திரையில ஒண்ணு கொடுங்களேன்" என்றாள். அவள் வீசிங்குக்கு இன்ஹேலர் வைத்திருப்பவள். கொடுக்கவே இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும்.

நிறுத்தும்போதும் டாக்டர் ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. மூன்று வேளை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, மார்கழிக் கடைசியில் நின்றது. தை முகூர்த்தத்துக்கு வந்த பிளவுஸ்களுக்கெல்லாம் கொக்கி நானே வைத்தேன்.