பேனலின் அளவுகளை எங்கே எழுதி வைப்பது: டிரைவரிலா, டிவைஸ் ட்ரீயிலா, பேனலுக்குள்ளேயா?

போன ஆடி மாதம் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து, நான் செய்து கொடுத்த, மீதி நேரம் காட்டும் திரைப் பெட்டியைப் பற்றிப் போன் வந்தது. "கண்ணு, உன் பெட்டியில் கடைசி எண்ணைக் காணவில்லை. 45 நிமிடம் மீதி இருக்கும்போது 4 என்று காட்டியிருக்கிறது. பையன் தண்ணீரை வடித்துவிட்டான்" என்றார் பட்டறைக்காரர். துணி திட்டுத் திட்டாக வந்திருந்தது. குறிச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். 7 அங்குலத் திரையில் படம் மொத்தமும் ஏறக்குறைய 4 மி.மீ. வலப்பக்கம் நகர்ந்து நின்றது. இடது ஓரத்தில் கறுப்புப் பட்டை, வலது ஓரத்தில் ஒரு எண்ணின் அகலம் வெட்டுப்பட்டிருந்தது.

திரையில் பழுதில்லை. அதைப் பற்றி நான் மென்பொருளுக்கு எழுதிக் கொடுத்த விவரம்தான் பழுது. அந்தத் தவறு இரண்டு வருடமாக அங்கேயே படுத்துத் தூங்கியிருக்கிறது.

800க்கு 480 பிக்சல் கொண்ட சாதாரண ஆர்ஜிபி பேனல் அது, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பிகளில் வாங்கும் திரைப் பலகை. அதன் விவரத் தாளான டேட்டாஷீட்டில் ஒரு வரிக்கு மொத்தம் 1056 கடிகாரத் துடிப்பு (துடிப்புக்கு ஒரு பிக்சல்), ஒரு படத்துக்கு 525 வரி என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி, நொடிக்கு 60 படம் என்று வைத்தால் கடிகார வேகம் 33.264 மெகாஹெர்ட்ஸ். படம் இல்லாத அந்த ஓர இடைவெளிகளை ஃப்ரன்ட் போர்ச், பேக் போர்ச் என்பார்கள். எங்கள் பட்டறையில் முன்திண்ணை, பின்திண்ணை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் பேனலில் முன்திண்ணை 210, பின்திண்ணை 46. சிக்கல் அந்த 46இல் இருந்தது. டேட்டாஷீட் தயாரித்தவர், வரி தொடங்குவதைச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பின் அகலத்தையும் அதற்குள்ளேயே சேர்த்து எண்ணியிருக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோ அந்தத் துடிப்பைத் தனியாகவும் திண்ணையைத் தனியாகவும் கேட்கிறது. நான் ஒத்திசைவுத் துடிப்புக்கு 20, திண்ணைக்கு 46 என்று எழுதிவிட்டேன். வரி 1076 கடிகாரத் துடிப்பாக நீண்டது, படம் 20 பிக்சல் தள்ளிப் போனது.

இரண்டு வருடம் ஏன் தெரியவில்லை என்றால், முன்பு வாங்கிய பேனல்கள் 'தரவு வருகிறது' என்று சொல்லும் தனிக் கம்பியைப் பார்த்துப் படத்தைத் தொடங்கின. அவற்றுக்குத் திண்ணை எவ்வளவு என்பது பொருட்டில்லை. புதிய சரக்கில் அதே கேபிள், அதே அளவு, ஆனால் உள்ளே ஒத்திசைவுத் துடிப்பிலிருந்து எண்ணித் தொடங்கும் வகை. பேனல் மாறியதும் தவறு விழித்துக்கொண்டது.

இந்த விவரத்தை எங்கே வைத்திருந்தால் நல்லது என்று அன்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வழி மூன்று.

முதலாவது, கெர்னலுக்குள் இருக்கும் பேனல்-சிம்பிள் என்ற டிரைவர், அதாவது பேனலை இயக்கும் நிரல். 2013இல் எழுதப்பட்டது. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பான டிவைஸ் ட்ரீயில் பேனலின் பெயரை மட்டும் எழுதினால் போதும். துடிப்பு, திண்ணை, மி.மீ. அளவு, ஒரு நிறத்துக்கு எத்தனை பிட், மின்சாரம் வந்தபின் எத்தனை மில்லி நொடி காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் டிரைவரின் அட்டவணையில் இருக்கின்றன. இது எனக்குப் பிடித்த வழி என்பதை ஒளிக்கவில்லை. பெயர் ஒன்று, உண்மை ஒன்று. உலகத்தில் எவரோ ஒருவர் அந்த எண்களை ஏற்கெனவே சரிபார்த்திருப்பார். காத்திருப்பு நேரம் இந்த அட்டவணையில் இருப்பது பெரிய வசதி: பேனல் விழிப்பதற்குள் அதன் பின்விளக்கான பேக்லைட் எரிந்தால் வெள்ளையாக ஒரு மின்னல் அடிக்கும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

ஆனால் எங்கள் ஊர் வியாபாரத்தில் பேனல் நிலைத்து நிற்பதில்லை. இன்று கிடைத்த சரக்கு அடுத்த பொங்கலுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு புதிய பேனலுக்கும் அட்டவணையில் ஒரு பகுதி சேர்த்து, கெர்னலைத் திரும்பக் கட்டி, பல்லடத்திலும் பெருந்துறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் ஏற்ற வேண்டும். பத்துப் பேர் உள்ள நிறுவனத்துக்குச் சரி. எங்களைப் போல் இரண்டரைப் பேர் உள்ள பட்டறைக்கு முடியாது.

இரண்டாவது, எண்களையே டிவைஸ் ட்ரீயில் எழுதுவது. அந்த மரத்தின் வேர் 1994இல் வந்த ஐஇஇஇ 1275 என்ற ஓப்பன் ஃபர்ம்வேர் தரநிலை. ஆர்ம் வகைச் செயலி உள்ள போர்டுகள் 2011க்குப் பிறகு வரிசையாக அதற்கு மாறின. பேனல்-டிபிஐ என்ற பொதுப்பெயரின் கீழ் பேனல்-டைமிங் என்று ஒரு கிளை. அதில் கடிகாரம், அகலம், உயரம், திண்ணைகள், துடிப்பு, கடிகாரத் துடிப்பின் எந்த விளிம்பில் பிக்சலை அனுப்புவது எல்லாம். விளிம்பை மாற்றி எழுதினால் படம் நகராது. எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் மினுக்கும். கம்பி ஜோடிகளில் தரவு வாங்கும் எல்விடிஎஸ் பேனலுக்கு இதே வழியில் இன்னொரு பொதுப்பெயர் இருக்கிறது. அதில் பிட்டுகளை அடுக்கும் முறை ஜெய்டாவா, வீசாவா என்று சொல்ல வேண்டும். 24 பிட்டில் முன்னது நான்காவது கம்பி ஜோடியில் ஒவ்வொரு நிறத்தின் கடைசி இரண்டு பிட்டை வைக்கிறது, பின்னது முதல் இரண்டு பிட்டை. மாற்றிச் சொன்னால் முகத்தின் நிறம் படிக்கட்டாகிவிடும்.

இதன் லாபம், திருத்தம் சிறிய கோப்பு ஒன்றோடு முடிகிறது. கெர்னலைத் தொடவே வேண்டாம். குறையும் அதே இடத்தில்தான்: இங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. நான் எழுதிய 46ஐ, கோப்பைத் தொகுக்கும் கருவி ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் 46 என்பது ஓர் எண். எண்தானா என்றுதான் அது பார்க்கும். இன்னொரு குறை, பேனல்-டிபிஐயில் காத்திருப்பு நேரம் எழுத இடமில்லை. பேனலுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரின் விவரத்தில் தொடக்கத் தாமதத்தைக் கூட்டி எழுதிச் சமாளிக்கிறோம். மூட்டைக்குள் கல் வைத்து எடையைச் சரிசெய்வது போன்ற வேலைதான், ஓடுகிறது.

மூன்றாவது, பேனலையே கேட்பது. ஈடிஐடி என்ற 128 பைட் அடையாள அட்டை, இதுவும் 1994இல் பிறந்ததுதான். மானிட்டருக்குள் சிறிய நினைவகத்தில் இருக்கும். ஐ2சி என்ற இரட்டைக் கம்பியில் பதினாறடிமான முகவரி 50இல் கேட்டால் சொல்லிவிடும். ஹெச்டிஎம்ஐ திரைக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் சாதாரண ஆர்ஜிபி பேனலில் அந்தக் கம்பியே கிடையாது; கேட்க ஆளில்லை. மலிவான ஹெச்டிஎம்ஐ போர்டு ஒன்றை நான் வாங்கினேன். வேறொரு மானிட்டரின் அட்டையை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். 128 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதமின்றி வகுபட வேண்டும் என்பது விதி. அது சரியாகவே வகுபட்டது. உள்ளே இருந்த அளவுதான் பொய். லேப்டாப் வகை ஈடிபி பேனல்களுக்கு இப்போது கெர்னல் இரண்டையும் கலக்கிறது: அட்டையில் அடையாளத்தைப் படித்து, காத்திருப்பு நேரத்தைத் தன் அட்டவணையில் தேடுகிறது. நல்ல யோசனை. ஆனால் நாங்கள் வாங்கும் பேனல்களுக்கு எட்டாது.

செல்போன் வகை டிஎஸ்ஐ பேனல்களை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு எழுப்பும் கட்டளைகள் பல பக்கம் போகும். பெரும்பாலும் அதற்கென்றே டிரைவர் வேண்டும்.

நான் இரண்டாவது வழியிலேயே இருக்கிறேன், ஒரு மாற்றத்துடன். பேனல்-டிபிஐ விதிப்படி பொதுப்பெயருக்கு முன்னால் பேனலின் சொந்தப் பெயரும் எழுத வேண்டும். முன்பு அந்த இடத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிடுவேன். இப்போது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து எழுதுகிறேன். சரக்கு மாறினால் பெயரும் கோப்பும் மாறும். என்றாவது டிரைவர் அட்டவணையில் அந்தப் பெயர் வந்தால் சரிபார்த்த எண்களுக்கு அன்றே மாறிக்கொள்ளலாம்.

சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போனபோது எண்கள் இப்படி இருந்தன: முன்திண்ணை 210, துடிப்பு 20, பின்திண்ணை 26. மொத்தம் 1056. செங்குத்திலும் அதே தவறு செய்திருந்தேன். அங்கே பின்திண்ணை 23ஐ 13 ஆக்கினேன். கீழே 10 வரி வெட்டுப்பட்டிருந்தது, அங்கே வெறும் இடம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. சோதனைக்காக நான்கு ஓரத்திலும் ஒரே பிக்சல் அகலத்தில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டினேன். பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து துணியில் இழை எண்ணும் மடக்கு லென்ஸை எடுத்து, திரையின் வலது ஓரத்தில் வைத்துக் குனிந்தார். "கோடு இருக்கிறது கண்ணு" என்றார். பிறகு இடது ஓரத்துக்குப் போனார்.