மூன்று கிராமும் இரண்டு சென்டிமீட்டரும்: ஏழு வருட அஞ்சல் அனுபவம்

மிக்ஸி வாங்கினால் விமர்சனம் எழுதுகிறோம், செருப்பு வாங்கினால் எழுதுகிறோம். நான் ஏழு வருடமாக அநேகமாகத் தினமும் காசு கொடுத்து வாங்குவது அஞ்சல் சேவையை. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது போன வாரம்தான் உறைத்தது.

நான் செய்வது கைத்தையல் நோட்டுப் புத்தகங்கள். செய்து, படம் எடுத்து, இணையத்தில் போட்டு விற்கிறேன். மாதம் 60, 70 பார்சல் போகும். நல்ல மாதம் என்றால் 100. முக்கால்வாசி அரசு அஞ்சல், மிச்சம் தனியார் கூரியர். இந்த ஏழு வருடத்தில் கட்டணம் நான்கு முறை மாறியது. அதில் இரண்டு முறை எனக்கு வலிக்கவே இல்லை. மற்ற இரண்டு முறையும் கடையை மூடிவிடலாமா என்று யோசித்தேன்.

"இந்த நோட்டை யார் வடிவமைத்தது?" என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். நான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் வடிவமைத்தது கட்டண அட்டவணை. கணக்கு இதுதான்: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் ஒரு ஏ4 ஐந்து கிராம், அதில் பாதியான ஏ5 இரண்டரை கிராம். 16 இதழ் கொண்ட மடிப்பு ஐந்து வைத்துத் தைத்தால் 80 இதழ், 200 கிராம். மேலட்டை 300 ஜிஎஸ்எம், அது 19 கிராம். நூல், கவர், முகவரிச் சீட்டு, நன்றி அட்டை எல்லாம் சேர்ந்தால் 243. நான் அனுப்பும் வகையில் 250 கிராம் வரை ஒரு ஸ்லாப், அதாவது ஒரே கட்டணம். இன்னொரு மடிப்பு சேர்க்க ஆசைதான், நோட்டுக்கு ஒரு கனம் வரும். ஆனால் 40 கிராம் கூடி அடுத்த ஸ்லாபில் போய் விழும். ஏழு வருடமாக என் நோட்டில் ஐந்து மடிப்புதான்.

இதில் யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. காகிதம் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். வெயில் காலத்தில் 243 காட்டிய அதே பார்சல் அடைமழையில் 250-ஐத் தாண்டிவிடும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது.

"மேடம், 252 காட்டுது."

"வீட்டில 249 தான் சார் இருந்துச்சு."

"உங்க வீட்டுத் தராசுக்கு நான் பில் போட முடியாதே மேடம்."

கவுன்ட்டர் ஊழியரின் மேசையில் இருந்த கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, கவரின் மடிப்பு ஓரத்தில் ஒரு பட்டை வெட்டினேன். நன்றி அட்டையையும் உருவினேன். 247. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்ததுமே அவர் கத்தரிக்கோலை எடுத்து முன்னால் வைத்தார்.

முதல் இரண்டு மாற்றமும் சாதாரண ஏற்றம். எல்லா ஸ்லாபிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடியது. சிறு வியாபாரிக்கு இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 100-க்கு விற்கும் பொருளில் அஞ்சலுக்கு 20 போகிறது, லாபம் 15 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் கட்டணம் 15 சதவீதம் ஏறினால் 3. வாங்குபவர் கண்ணுக்கு அது 100-இல் 3. எனக்கு லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய நிறுவனங்கள் எண்ணிக்கையைக் காட்டி ஒப்பந்த விலை வாங்கிவிடும்; மாதம் 70 பார்சலை வைத்துக்கொண்டு நான் யாரிடம் பேரம் பேச? இருந்தாலும் விலையை இரண்டு முறை ஏற்றினேன், ஒருவரும் கேட்கவில்லை. ஏற்றம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம்.

மூன்றாவது மாற்றத்தில் விலை ஏறவில்லை. விதி மாறியது. அதுவரை எடை மட்டும்தான் கணக்கு. இனி தடிமனும் கணக்கு என்றார்கள். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் அது கடித வகையில் சேராது, பார்சல். என் வியாபாரத்தில் பாதி அப்போது இரட்டை நோட்டு: இரண்டு நோட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பப்புள் ராப் சுற்றி, 500 கிராமுக்குள் அடக்கி அனுப்புவேன். எடை சரி. தடிமன் மூன்று சென்டிமீட்டர். ஒரே நாளில் அதன் செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது.

அன்று திட்டித் தீர்த்தேன். பிறகு விசாரித்தபோதுதான் இது உலகம் முழுக்க நடந்து முடிந்த கதை என்று தெரிந்தது. பிரிட்டனில் ராயல் மெயில் 2006 ஆகஸ்டிலேயே எடையோடு அளவையும் தடிமனையும் சேர்த்துக் கட்டணம் போட ஆரம்பித்துவிட்டது. அங்கே 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரிய கடிதம் என்ற வகையும் போய்ப் பார்சலாகிவிடும். அமெரிக்க அஞ்சல் 2007 மே மாதம் வடிவத்தை வைத்துக் கட்டணம் கொண்டுவந்தது. காரணமும் நியாயமானதுதான். தட்டையான கவரை இயந்திரமே பிரித்துத் தள்ளிவிடும். உப்பலாக இருப்பதை ஒரு மனிதர் கையில் எடுத்துப் போட வேண்டும். நியாயம் புரிந்ததால் நஷ்டம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய அடி முன்பதிவில் விழுந்தது. 43 பேரிடம் இரட்டை நோட்டுக்குப் பழைய அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டேன். மேலட்டை அச்சகத்திலிருந்து வந்து, தைத்து முடித்துக் கட்டும்போது புது விதி அமலில். 43 பேருக்கும் செய்தி அனுப்பி மேலும் காசு கேட்பதா? கேட்கவில்லை, நானே போட்டேன். அந்த ஒரு தொகுதியில் எனக்கு மிஞ்சியது நூல் கண்டுகள்தான். அதிலிருந்து பொருள் கையில் தயாராக இருந்தால்தான் அஞ்சல் காசு வாங்குகிறேன்.

இரட்டை நோட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு இரண்டு மாதம் ஆனது. விடை கண்முன்னாலேயே இருந்தது: இரண்டு ஏ5-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏ4. ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் பெரிய கவரில் அக்கம்பக்கமாகப் படுக்க வைத்தேன். தடிமன் ஒன்றரைக்குள் வந்தது. ஆனால் நடுவில் மடங்கியது. முனை நசுங்கிய நோட்டுப் படங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. கெட்டி அட்டை வைத்தேன். எடை 500-ஐத் தாண்டியது. கடைசியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, மெல்லிய நெளி அட்டையை ஏ4 அளவுக்கு வெட்டி வைத்தேன். அது 25 கிராம்தான். நோட்டுகள் 438, கவர் 25, நெளி அட்டை 25, மொத்தம் 488. இப்போதும் இப்படித்தான் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் கட்டும் முன் நோட்டுகளைக் கொஞ்சம் விளக்கடியில் காய வைப்பேன்.

கூரியரில் இதே பாடம் வேறு வடிவில் வரும். அங்கே பருமன் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண், தராசு காட்டும் கிலோ, இரண்டில் எது பெரிதோ அதற்குக் காசு. 35, 25, 12 அளவில் ஒரு பரிசுப் பெட்டி வைத்திருந்தேன். உள்ளே 900 கிராம்தான். பில் வந்தது 2.1 கிலோவுக்கு. பாதிக் காற்றை அனுப்பக் காசு கட்டியிருக்கிறேன். 26, 18, 8 பெட்டிக்கு மாறியதும் பருமன் எடை 750 கிராமாக இறங்கியது. அந்த வகுக்கும் எண்ணைக் கூரியர் நிறுவனம் குறைத்தால், விலைப்பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாமலே கட்டணம் ஏறிவிடும் என்பதையும் கவனித்து வையுங்கள்.

நான்காவது மாற்றம், மெதுவாகப் போகும் மலிவான சேவையை நிறுத்தி, வேகமானதோடு இணைத்தது. இதுவும் எங்கும் நடப்பது. அமெரிக்காவில் 2007-இல் வெளிநாட்டுக்கான கப்பல் வழி அஞ்சல் நின்றது. இந்தியாவில் 2025-இல் பதிவு அஞ்சல், விரைவு அஞ்சலுக்குள் போனது. வேகம் நல்லதுதானே என்பார்கள். என் நோட்டுக்கு அவசரமே இல்லை. பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை என்று சொன்ன வாடிக்கையாளர்கள்தான் எனக்கு அதிகம். அவர்களுக்கு என்னிடம் இப்போது விற்க ஒன்றும் இல்லை என்பதுபோல் ஆனது. ட்ராக்கிங் கிடைத்ததை மறுக்கவில்லை. "எங்கே என் பார்சல்" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது.

ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், கடிதம் எழுதுவதை நாம்தான் நிறுத்தினோம். அமெரிக்காவில் 2001-இல் 10,000 கோடிக்கு மேல் இருந்த முதல்வகைக் கடிதங்கள் 2023-இல் சுமார் 4,600 கோடி. டென்மார்க்கில் அரசு அஞ்சல் 2025 இறுதியோடு கடிதம் கொடுப்பதையே விட்டுவிட்டது. கடிதம் குறைந்தாலும் தபால்காரர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். அந்த நடைக்கான செலவு இப்போது பார்சல் தலையில்.

வெளிநாட்டு ஆர்டர் பற்றிச் சுருக்கமாக: விட்டுவிட்டேன். நாட்டுக்கு நாடு அஞ்சல் துறைகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் கட்டணத்தை 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடி மாற்றினார்கள், அமெரிக்கா தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கலாம் என்று ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ வரையிலான வரிவிலக்கை எடுத்தது. 2025 ஆகஸ்ட் 29-இல் அமெரிக்கா 800 டாலர் வரையிலான சுங்க விலக்கை எடுத்தபோது பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே போகும் பார்சலை வாங்குவதையே நிறுத்தி வைத்தன. ஒரு நோட்டு விற்க இத்தனை அரசுகளைக் கவனிக்க என்னால் ஆகாது.

'இலவச டெலிவரி'யும் போட்டுப் பார்த்தேன். விலைக்குள் அஞ்சலை ஒளித்து வைப்பதுதான் அது. ஆர்டர் கூடியது, உண்மை. ஆனால் ஒரு நோட்டு வாங்குபவரிடமும் நான்கு வாங்குபவரிடமும் நோட்டுக்கு ஒரே அஞ்சல் காசு வாங்குவதால், நான்கு வாங்குபவர் ஏமாறுகிறார். அதை ஒரு அக்கா கணக்குப் போட்டே காட்டினார்: "நாலுக்கும் சேர்த்து ஒரு கவர்தானேம்மா வருது?" மறுநாளே எடுத்துவிட்டேன். இப்போது அஞ்சல் செலவு தனி வரி, இரண்டு நோட்டுக்கு மேல் பாதி என் பங்கு.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால்: பொருள் போய்ச் சேர்வதில் அரசு அஞ்சலுக்கு ஐந்துக்கு நாலரை. இத்தனை வருடத்தில் தொலைந்தவை ஏழெட்டு, அவ்வளவுதான். கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. மாற்றத்தை முன்கூட்டியே சொல்வதில் ஒன்றரை, அதுவும் மனமிரங்கி. புதிதாக விற்க வருபவர்கள் பொருளைச் செய்த பிறகு தராசில் வைக்காதீர்கள், முன்பே வையுங்கள். ஸ்லாப் எல்லைக்கு பத்து கிராமாவது உள்ளே நில்லுங்கள். என்னைப்போல் ஏழு கிராமில் நின்றால் கத்தரிக்கோலோடு அலைய வேண்டும். தடிமனுக்கு ஒரு அட்டையில் இரண்டு சென்டிமீட்டர் பிளவு வெட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அழுத்தாமல் நுழைந்தால்தான் கவரை ஒட்டுவேன்.

ஆறு மடிப்பு நோட்டு ஒன்று இப்போது மேசையில் இருக்கிறது. மாதிரிக்குத் தைத்தது. தாளை 70 ஜிஎஸ்எம்முக்கு இறக்கியதில் மொத்தம் 253 வருகிறது. இன்னும் நான்கைந்து கிராம் எங்கே எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றி அட்டையின் மேல்தான் கண் போகிறது.