200 வோல்ட் இருந்தும் நகராத கார்: ஹைப்ரிடுடன் ஆறு ஆண்டுகள்

மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்தியிருந்த, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் என் ஹைப்ரிட் காரின் கதவு, சென்ற மாதம் ஒரு காலையில் திறக்க மறுத்தது. சாவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். எந்த அசைவும் இல்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகச் சாவியை உருவி, ஆறு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக ஓட்டுநர் கதவைக் கையால் திறந்தேன். பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருப்பதை நிறுத்தும்போதே பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். உயிரை விட்டிருந்தது 12 வோல்ட் துணைப் பேட்டரி.

பின்னிருக்கைக்குக் கீழே 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட பேட்டரி இருக்கிறது. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதும் அதன் மின்சாரம்தான், தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆனால் கார் அணைந்திருக்கும்போது அந்தப் பேட்டரி மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டிக்கப்பட்டுவிடும். விபத்தில் நசுங்கிய காரில் கை வைக்கும் மீட்புப் பணியாளரையும், பழுது பார்க்க வரும் மெக்கானிக்கையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துண்டித்ததை மீண்டும் இணைக்கும் ரிலேக்களுக்கும், அவற்றுக்குக் கட்டளையிடும் கணினிகளுக்கும் மின்சாரம் தருவது அந்த 12 வோல்ட் பேட்டரி. அது படுத்துவிட்டால், பெட்டி நிறையப் பணமிருந்தும் சாவியைத் தொலைத்தவன் நிலைதான் நமக்கு.

என் கோபம் வேறோரிடத்தில் இருக்கிறது. அந்தச் சின்னப் பேட்டரியை டிக்கிக்குள் வைத்திருக்கிறார்கள். டிக்கியின் பூட்டோ மின்சாரத்தால் மட்டுமே திறக்கும். முதல்முறை இது நடந்தபோது, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னிருக்கையின் மேல் ஏறி டிக்கிக்குள் ஊர்ந்தேன். பானட்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிக்குள், சிவப்பு மூடி போட்ட ஓர் இணைப்பு முனை இதற்கென்றே இருக்கிறது என்பதைக் கையேட்டில் நான் படித்தது அதற்குப் பிறகுதான். இந்த முறை அண்டை வீட்டாரின் காரிலிருந்து கேபிள் இழுத்து அதில் மாட்டினேன். பின்னாலிருந்து ரிலே இணையும் ‘டக்’ என்ற ஒலி கேட்டது, கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரிந்தது. இரண்டு நிமிட வேலை. மாற்றுப் பேட்டரிக்குத்தான் நான்கு நாள் காத்திருந்தேன். பயணிகள் அமரும் அறையோடு ஒட்டிய இடத்தில் இருப்பதால், வாயு வெளியேறும் குழாயை மாட்டும் வசதியுள்ள பேட்டரிதான் வேண்டும் என்றார்கள்.

என் பங்குத் தவறும் இதில் உண்டு. ‘ரெடி’ நிலையில் இருந்தால்தான் பெரிய பேட்டரி சின்னதற்கு மின்சாரம் தரும். சும்மா நிற்கும்போது எச்சரிக்கை மணியும், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவியும் அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். இருந்தாலும், சக்கரத்திலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கும் மின்சாரம் ஓடுவதை வண்ண அம்புகளால் படம் காட்டத் தெரிந்த திரையில், 12 வோல்ட் பேட்டரி தளர்கிறது என்று ஒரு வரி காட்ட இடமில்லையா?

இந்த எரிச்சலோடு இருந்த நேரத்தில்தான் நண்பர் ஒருவர், மின்சாரக் காருக்கு முன்னோட்டமாக ஹைப்ரிட் வாங்கலாமா என்று கேட்டார். 92,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: இந்தக் கார் என் வலது காலை மாற்றிவிட்டது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுகிறது. பிரேக்கை மெல்ல, முன்கூட்டியே தொடுகிறேன். வேகம் வெப்பமாக வீணாகாமல் மோட்டார் வழியாக மின்சாரமாகத் திரும்புகிறது. பிரேக் பேடுகள் இன்னும் வாங்கியபோது இருந்தவையே. நெரிசலில் ஊர்ந்தால் லிட்டருக்கு 24 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் விரைந்தால் 20 கிலோமீட்டரும் கிடைக்கின்றன. மற்ற பெட்ரோல் கார்களுக்கு இது தலைகீழ். குளிர்ந்த காலையில், பேட்டரியில் மின்சாரம் இருந்தும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைச் சூடாக்க எஞ்சின் தானே உறுமி எழும்போது மட்டும், அடுத்தவர் தூக்கத்தைக் கலைத்தவர்மேல் வருவது போன்ற எரிச்சல் வருகிறது. அமைதிக்கு அவ்வளவு பழகிவிட்டேன்.

ஆனால் காலுக்குக் கிடைத்த பயிற்சி வேறு, மின்சாரக் கார் கேட்கும் பயிற்சி வேறு. இதன் பேட்டரி ஒன்றரை யூனிட் கூடப் பிடிக்காது. எஞ்சினை எழுப்பாமல் இரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிது. வெளியிலிருந்து ஏற்ற வழியில்லாததால், பிரேக்கில் திரும்பக் கிடைப்பது உட்பட இதிலுள்ள மின்சாரம் முழுவதும் பெட்ரோலிலிருந்து வந்ததே. எங்கே சார்ஜ் ஏற்றுவது, எவ்வளவு நேரமாகும், போகும் வழியில் நிலையம் உண்டா என்ற கேள்விகளை ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 1997இல், பெரிய பேட்டரி எட்டாத விலையில் இருந்தது. அன்று இது படிக்கட்டு என்பதில் நியாயம் இருந்தது. வீட்டிலேயே நிறுத்துமிடமும் மின் இணைப்பும் உள்ள அந்த நண்பருக்கு, இன்று எதற்குப் படிக்கட்டு? நேராக மின்சாரக் காருக்கே போங்கள் என்று எழுதினேன்.

“அதிலாவது இந்தச் சின்னப் பேட்டரித் தொல்லை இருக்காதே?” என்று பதில் வந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை. அதிலும் ரிலேக்கள் உண்டு, அவற்றை எழுப்பப் பெரும்பாலும் இதே 12 வோல்ட் பேட்டரிதான் உண்டு என்று எழுதினேன். கேபிள் மாட்டும் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கார் வாங்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தேன்.

என் காரை விற்கும் எண்ணம் இல்லை. அடுத்த மாதம் மீண்டும் இரண்டு வாரப் பயணம் இருப்பதால், 12 வோல்ட் பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும் சிறிய சார்ஜர் ஒன்றை வாங்கி, அதன் கம்பியைப் பானட்டின் இடுக்கு வழியாக உள்ளே விட்டிருக்கிறேன். சார்ஜ் ஏற்றவே வேண்டாம் என்று சொல்லி எனக்கு விற்ற கார், இப்போது சுவரில் பிளக் செருகியபடி நிற்கிறது.