கிரீஸ்வீசல்: அமிகா ஃபிளாப்பியை லேப்டாப்பில் படிக்க ஒரு சின்னப் பலகை

அமிகா என்ற பழைய வீட்டுக் கணினியின் டிஸ்க்குகளை லேப்டாப்பில் படிக்க இணையக் கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவை வாங்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால் வேண்டாம், பணம் மிச்சம். டிஸ்க் பார்வைக்கு அதேதான், 3.5 அங்குலம், பிளாஸ்டிக் உறை, நகரும் உலோக மூடி எல்லாம் அச்சு அசல் அப்படியே. ஆனால் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். இதற்கு வழி கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை; யூஎஸ்பி டிரைவ் ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிசி, அமிகா இரண்டும் எம்எஃப்எம் என்ற ஒரே குறியீட்டு முறையில்தான் எழுதுகின்றன. பிசி தன் 720 கேபி டிஸ்க்கில் ஒரு டிராக்குக்கு (டிஸ்க்கில் ஒரு வட்டப் பாதை) 9 செக்டர் (அந்தப் பாதையின் துண்டு) வைக்கும், நடுநடுவே இடைவெளி விடும். அமிகாவோ டிராக் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிவிடும், செக்டர்களுக்கு நடுவே இடைவெளி தேவையில்லை, அதனால் 11 செக்டர் அடங்குகிறது. செக்டருக்கு 512 பைட், பக்கத்துக்கு 80 டிராக், இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டால் 880 கேபி. பிசியின் ஃபிளாப்பி கன்ட்ரோலர் சிப்புக்கு ஐபிஎம் பாணித் தலைப்புள்ள செக்டர் கண்ணில் பட்டால்தான் படிக்கத் தெரியும். யூஎஸ்பி டிரைவில் அந்த வேலை உள்ளேயே முடிந்து, வெளியே செக்டர்கள் மட்டுமே வரும் என்பதால் எந்த மென்பொருளைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. எதிர்த்திசையில் இந்தத் தொல்லை கிடையாது. 1992இல் வந்த வொர்க்பெஞ்ச் 2.1 என்ற அமிகா இயங்குதளத்தில் கிராஸ்டாஸ் நிரல் சேர்ந்தே வந்தது, அதை வைத்து அமிகா பிசி டிஸ்க்கைச் சமத்தாகப் படிக்கும். ஆக, ஓடுகிற அமிகா வீட்டில் இருந்தால் அதிலேயே 720 கேபி டிஸ்க்குக்குக் கோப்புகளை மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் அமிகா இல்லை, லண்டனில் ஒரு கார் பூட் விற்பனையில் (பழைய பொருள் சந்தை) வாங்கிய பெட்டி நிறைய டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது. பாதி கேம், மீதி யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய நிரலில் வரைந்து தள்ளியவை.

கிரீஸ்வீசல் கீர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கியது, மென்பொருள் திறந்த மூலம். செக்டர், கோப்பு என்று எதைப் பற்றியும் இது கவலைப்படாது. டிஸ்க் சுழலும்போது காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் நேரம் குறித்து அப்படியே லேப்டாப்புக்கு அனுப்பிவிடும், பாஷை தெரியாத பாட்டை டேப்பில் பதிந்து வைத்துக்கொள்வது மாதிரி. அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலையை லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரல் செய்யும். அதனால்தான் அமிகா, பழைய மேக், கொமடோர், அட்டாரி என்று ஒரே பலகை எல்லாவற்றுக்கும் போதுமாகிறது.

நான் வாங்கியது வி4 என்ற பதிப்பு, சுமார் முப்பது பவுண்டு. கையில் கிடைப்பது வெறும் சர்க்யூட் பலகைதான். 34 பின் ரிப்பன் கேபிள், பழைய பிசியிலிருந்து கழற்றிய 3.5 அங்குல டிரைவ் இரண்டையும் நீங்கள்தான் தேட வேண்டும். 3.5 அங்குல டிரைவுக்கு யூஎஸ்பியின் 5 வோல்ட் போதும், 5.25 அங்குலம் என்றால் 12 வோல்ட்டும் தேவை, தனி பவர் சப்ளை இல்லாமல் நடக்காது. விண்டோஸ் 10இல் டிரைவர் மென்பொருள் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் கட்டளை வரியில் தட்டச்சு செய்ய வேண்டும், அது பிடிக்காதவர்களுக்காகப் பொத்தான் வைத்த நிரல்களை வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கட்டளை வரியே வசதி, அம்புக்குறியை மேலே தட்டி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

பலகையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வேலை கெடுவது எப்போதும் டிரைவில்தான், இதை விற்கிறவர்கள் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இருபது வருடம் தூசியில் கிடந்த டிரைவின் ஹெட் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) அழுக்காக இருக்கும், நகரும் தண்டில் மசகு காய்ந்திருக்கும். பலகையின் விலையைவிட நல்ல டிரைவுக்குச் செலவு செய்யுங்கள், முடிந்தால் இரண்டு வாங்குங்கள்; ஒன்றில் படிக்காத டிஸ்க் இன்னொன்றில் படிப்பது சர்வ சாதாரணம். செருகும் முன் மூடியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வட்டமாகவோ புள்ளியாகவோ தெரிந்தால் அது பூஞ்சை, அதை அப்படியே சுழற்றினால் ஹெட் அழுக்காகும், அந்த அழுக்கு டிஸ்க்கைச் சுரண்டும், அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கும் போச்சு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். இடையிடையே ஹெட்டையும் துடைக்க வேண்டும். அப்புறம், இந்தப் பலகைக்கு எழுதவும் தெரியும், ஆகவே டிஸ்க் மூலையில் இருக்கும் எழுத்துத் தடைத் தாழ்ப்பாளைத் துளை திறந்திருக்கும்படி தள்ளிவிட்டுத் தொடங்குங்கள்.

நேராக ஏடிஎஃப் (அமிகா டிஸ்க்கின் செக்டர் நகல்) கோப்பாகவே எடுக்கலாம், கட்டளையில் ஃபார்மேட் பெயரைச் சொன்னால் போதும். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் எஸ்சிபி என்ற மூலப் பதிவாக (காந்த மாற்ற நேரங்கள் அப்படியே) எடுத்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து மாற்றுகிறேன். 880 கேபி டிஸ்க்குக்கு முப்பது நாற்பது எம்பி ஆகிறது, ஆகட்டும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு பொருட்டா? பலவீனமான டிஸ்க்கை மறுபடி மறுபடி சுழற்ற வேண்டியதில்லை, நகல் தடுப்புக்காக விசித்திரமாக எழுதிய கேம் டிராக்குகள் ஏடிஎஃப்பில் அடங்காது என்பது இன்னொரு காரணம். மாற்றி முடித்ததும் திரையில் ஒரு கட்டம் வரும், படித்த செக்டருக்குப் புள்ளி, தவறியதற்குப் பெருக்கல் குறி. 1760க்கு 1760 என்று வந்தால் அந்த டிஸ்க் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். ஓரிரண்டு பெருக்கல் குறி இருந்தால் மனம் தளர வேண்டாம், ஹெட்டைத் துடைத்து, அதிகச் சுற்றுகள் படிக்கச் சொல்லி மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஏடிஎஃப் கைக்கு வந்த பிறகு அமிகாவைப் போல நடிக்கும் வின்யூஏஇ எமுலேட்டரில் ஏற்றினால் டிஸ்க் செருகியது போலவே திறக்கும். பள்ளிப் பிள்ளையின் படங்கள் ஐஎஃப்எஃப் கோப்புகள், எக்ஸ்என்வியூ என்ற படம் பார்க்கும் நிரல் அவற்றை நேரடியாகத் திறக்கிறது. ஒரு கோட்டை, நிறைய விண்கலங்கள், ரொம்பப் பொறுமையாகப் புள்ளி புள்ளியாக வைத்த ஒரு பூனை.

மேக் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1.4 எம்பி மேக் டிஸ்க் என்றால் இந்தப் பலகையே தேவையில்லை, சாதாரண யூஎஸ்பி டிரைவே செக்டர்களைப் படித்துவிடும், ஹெச்எஃப்எஸ் என்ற மேக் கோப்பு முறை புரிகிற மென்பொருள் இருந்தால் போதும். 400, 800 கேபி டிஸ்க்குகள்தான் சிக்கல். ஆப்பிள் அவற்றை ஜிசிஆர் என்ற வேறு குறியீட்டு முறையில் எழுதியது, வெளி டிராக்கில் டிஸ்க்கை மெதுவாகவும் உள்ளே போகப்போக வேகமாகவும் சுழற்றியது. நம் பிசி டிரைவ் ஒரே வேகத்தில் சுழன்றாலும் கிரீஸ்வீசல் நேரத்தை மட்டுமே குறிப்பதால், வேக வித்தியாசத்தை மென்பொருள் சரிக்கட்டிக்கொள்கிறது. எனக்கு வந்த சில 800 கேபி டிஸ்க்குகள் மினி விமேக் என்ற பழைய மேக் எமுலேட்டரில் முதல் முறையிலேயே திறந்தன.

கிரையோஃப்ளக்ஸ் என்று இதைவிட விலை கூடிய இன்னொரு பலகை இருக்கிறது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகாவில் வரைந்த படங்களை கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தார் மீட்டு 2014இல் அறிவித்தார்களே, அவர்கள் பயன்படுத்தியது அதைத்தான். ஆவணக் காப்பகங்களுக்கு அது பழகிய சாதனம். வீட்டில் ஒரு பெட்டி டிஸ்க் வைத்திருப்பவருக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை. இரண்டு மூன்று டிஸ்க் மட்டும்தான் என்றால் கிரீஸ்வீசல்கூட வாங்க வேண்டாம், பக்கத்தில் ரெட்ரோ கணினிக் குழு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், யாராவது ஒருவர் மேசையில் இது கட்டாயம் இருக்கும்.