சம்ப் மோட்டார் லைனுக்கு ஃபிளாப் வால்வா, ஸ்பிரிங் வால்வா?

மோட்டாரை நிறுத்திய பிறகும் சம்ப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கிறதா? மாடி டேங்குக்குப் போகும் லைனில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாமல் தண்ணீரைத் திரும்ப விடுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படி ஆனபோது ஸ்பிரிங் வகை வால்வைக் கழற்றிவிட்டு, கதவு போல ஆடி மூடும் தட்டு உள்ள ஃபிளாப் வகை வால்வு போட்டோம். போர் தண்ணீர் ஓடும் வீடுகளுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். உருளையாக, பெரிய சாக்கெட் மாதிரி நேராக இருந்தால் ஸ்பிரிங் வகை. உடம்பின் மேல் புடைத்துக்கொண்டு ஆறு பட்டை மூடி இருந்தால் ஃபிளாப் வகை. இரண்டிலும் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும்.

சம்ப்பில், உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் ஃபுட் வால்வும் இருந்தால் எது கெட்டது என்ற குழப்பம் வரும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மோட்டாரில் தண்ணீர் ஊற்றும் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் நிற்காமல் பீய்ச்சினால் மேலே உள்ள வால்வு போய்விட்டது. அங்கே தண்ணீரே இல்லாமல் வற்றிக் கிடந்தால் கோளாறு கீழே, பெரும்பாலும் ஃபுட் வால்வில்.

ஸ்பிரிங் வால்வின் நல்ல குணங்களை மறுக்க முடியாது. அம்புக்குறியைப் பார்த்து, படுக்கை லைன், செங்குத்து லைன் எதிலும் மாட்டலாம். தண்ணீர் திரும்பத் தொடங்கும் முன்பே ஸ்பிரிங் தட்டை அழுத்தி மூடிவிடுவதால் சத்தம் குறைவு. ஃபிளாப் அப்படியல்ல, தண்ணீர் கொஞ்சம் திரும்பி வந்து தள்ளும்போதுதான் ‘டக்’கென்று அறைந்து மூடும். படுக்கை லைனில் மூடி மேல்நோக்கி இருக்க வேண்டும், செங்குத்து லைனில் தண்ணீர் கீழிருந்து மேலே போக வேண்டும். விலையை வைத்து முடிவு செய்யத் தேவையில்லை.

முடிவு செய்ய வேண்டியது பராமரிப்பை வைத்துத்தான். போர் தண்ணீரில் உப்பும் நுண்மணலும் வரும். எங்கள் பழைய வால்வைப் பிரித்தபோது ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் வெள்ளைப் படிவு சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. தட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. ரப்பர் வாஷர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு) போடாமல் ஒட்டியிருந்ததால், அதை எடுக்கக் குழாயையே அறுக்க வேண்டியதாயிற்று.

ஃபிளாப் வால்வில் அந்த வேலையே இல்லை. மேல் மூடியை ஸ்பேனரால் திறந்தால் ஃபிளாப் கண்ணுக்குத் தெரியும். அது வந்து உட்காரும் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், தண்ணீர் கசியும். பழைய டூத்பிரஷால் தேய்த்து, படிவு இறுகியிருந்தால் வினிகர் தொட்ட துணியால் துடைத்து, மூடியை இறுக்கினால் வேலை முடிந்தது. உள்ளே போகவர வழியும் அகலம் என்பதால் சின்னச் சின்ன தூசி தண்ணீரோடு போய்விடும்.

மூடியைத் திறக்கும் முன் மேலே குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு அங்குலக் குழாய் பத்து மீட்டர் ஏறினால் அதில் ஏறக்குறைய 5 லிட்டர் இருக்கும். லைன் டேங்கின் அடியில் போய்ச் சேர்கிறது என்றால் மேலே உள்ள கேட் வால்வை மூடாமல் தொடவே கூடாது, டேங்க் முழுவதும் கொட்டிவிடும்.

புதிதாக வாங்கும்போது பித்தளையில், ஐ.எஸ். 778 முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். அப்புறம், எந்த வகையானாலும் இரு பக்கமும் யூனியன் போடச் சொல்லுங்கள். பிளம்பர் “எதுக்கு சார், வேஸ்ட்” என்பார். விடாதீர்கள். பித்தளை மரையில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் அடாப்டரை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும்.

நான் சொல்வதெல்லாம் ஒரு மாடி வீட்டு அனுபவம். நாலு மாடி ஏறும் லைனில் ஃபிளாப் அறையும் வேகத்துக்குக் குழாய் அதிரும். அங்கே ஸ்பிரிங் வகைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஆனால் பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில் படிவுத் தொல்லை குறைவு என்பதால் ஸ்பிரிங் வால்வே பல வருடம் ஓடக்கூடும்.